ஏழு பேரா, மூன்று சோடியா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

கபடிப் போட்டி என்றால் நம் பகுதியில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. பொங்கல் வந்துவிட்டால் மல்லசமுத்திரம், திருச்செங்கோடு, இராசிபுரம் வட்டாரங்களில் ஏதேனும் ஓர் ஊரில் இரவெல்லாம் விளக்கு எரியும், ஒலிபெருக்கி முழங்கும். யார் எத்தனை பேரைத் தொட்டு வந்தார் என்று மறுநாள் தேநீர்க் கடையில் பேசுவார்கள். அந்த ஏழு பேரை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று பேசுவோர் அரிது. ஆட்டம் தொடங்குமுன் ஒரு தாளில் ஏழு பெயர்கள் எழுதப்படுகின்றன அல்லவா? அந்தத் தாளைப் பற்றியதே இக்கட்டுரை.

இதை எழுதத் தூண்டியது ஒரு கைப்பேசி விளையாட்டு என்றால் பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்கக்கூடும். காலையில் மல்லசமுத்திரத்தில் பேருந்து ஏறியதும் என் அருகில் அமரும் வகுப்புத் தோழன் ‘ஆட்டோ செஸ்’ என்னும் வகையைச் சேர்ந்த விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டே வருவான். 2019ஆம் ஆண்டு சீனாவைச் சேர்ந்த ட்ரோடோ என்னும் குழுவினர் வெளியிட, உலகெங்கும் பரவிய வகை அது. எட்டுப் பேர் ஆடுவர். ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் காசு தரப்படும். விளையாட்டுக் காசுதான், ரம்மியைப் போல வீட்டுக் காசு போவதில்லை. (இதைத் தன் தந்தையாருக்கு விளங்க வைக்க அவனுக்கு இரண்டு வாரம் ஆயிற்றாம்.) அக்காசைக் கொண்டு காய்களை வாங்கிச் சதுரங்கப் பலகையில் நிறுத்த வேண்டும். நிறுத்திய பின் ஆடுபவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். காய்கள் தாமே சண்டையிடும். தாமே வெல்லும் அல்லது மடியும். ஒவ்வொரு காய்க்கும் ஓர் இனம், ஒரு தொழில் உண்டு. ஒரே இனத்தவரோ ஒரே தொழிலினரோ போதிய அளவு சேர்ந்து நின்றால், தனித்தனியே இல்லாத ஒரு வலிமை அவர்களுக்குக் கிடைக்கும். விலை உயர்ந்த காயாகப் பார்த்துக் குவித்தவன் மலிவான காய்களைப் பொருந்தச் சேர்த்தவனிடம் தோற்பதை நானே பலமுறை கண்டேன்.

“எந்தக் காய் நல்ல காய் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“காயைப் பாக்க மாட்டன்டா. எது எதோட சேருதுன்னு பாப்பேன்” என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏறக்குறைய இதே சொற்களை நான் முன்பே ஒருமுறை கேட்டிருந்தேன். சொன்னவர் இவ்விளையாட்டைக் கண்டும் அறியாதவர். எங்கள் ஊரில் விசைத்தறி ஓட்டுபவர். எனக்குப் பெரியப்பா முறை. நாமக்கல் தனி மாவட்டமாக 1997இல் பிரிவதற்கு முன்பு, சேலம் மாவட்டத்தில் கபடி நடந்த ஊர்களுக்கெல்லாம் மிதிவண்டியிலேயே போய் ஆடி வந்தவர்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஊரிலும் கணிதம் படிப்பவன் நான்தான். ஆகவே சென்ற ஆண்டுப் பொங்கல் போட்டிக்கு முன், “கணக்குப் படிக்கிறவன், நீயே எழுதுப்பா” என்று தாளை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நானும் பெருமையாக எழுதினேன். பாடிச் சென்று தொட்டுவரும் ரைடர்கள் நால்வர், மற்றவர் மூவர். கைதட்டல் வாங்குவோர் ரைடர்கள்தாமே! நான்காவது ரைடர் நான். முதல் சுற்றில் வென்றோம். இரண்டாம் சுற்றில் எங்களைவிட எடையிலும் வயதிலும் குறைந்த பையன்களிடம் தோற்றோம். இருமுறை எழுவரும் வெளியேறினோம்.

மறுநாள் தறிக்குடோனில் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். தறிச் சத்தத்தில் உரக்கத்தான் பேச வேண்டும். “தாளை எழுதினது யாரு?” என்றார். “நான்தானுங்க பெரியப்பா” என்றேன்.

“நீ ஏழு பேரைப் பொறுக்கியிருக்கிறே கண்ணு. அப்படிப் பொறுக்கக் கூடாது. மூணு சோடியைப் பொறுக்கு. அப்புறம் ஒருத்தனை வெய்யி. அவ்வளவுதான்.” இவ்வளவு சொல்லிவிட்டு அறுந்த இழையை முடியப் போய்விட்டார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு அன்று முழுமையாக விளங்கவில்லை. அதன்பின் ஓராண்டாக எண்ணியும், எழுதியும், ஆட்டங்களைப் பார்த்தும் விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டத்தை அறியாதோருக்காக அதன் சட்டத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உடையது. நடுக்கோடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. அணிக்கு எழுவர் களத்தில் நிற்பர். மாற்று ஆட்டக்காரர் ஐவர் வெளியில் இருப்பர். 20 நிமிடம் வீதம் இரு பகுதிகள். ஓரணியின் ரைடர் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு எதிர்க்களம் புகுவார். அவருக்கு 30 நொடிகள். தொட்டுத் திரும்பினால் தொடப்பட்டவர்கள் வெளியேறுவர். பிடிபட்டால் அவர் வெளியேறுவார். தொட்டோ பிடித்தோ எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும், வெளியேறிய தன்னணியினர் ஒருவர் மீண்டும் களம் புகலாம். அதுவும் வெளியேறிய வரிசைப்படியேதான். முதலில் போனவர் முதலில் வருவார். எழுவரும் வெளியேறிவிட்டால் எதிரணிக்கு மேலும் 2 புள்ளிகள்; இதை ‘லோனா’ என்பர்.

தற்காக்கும்போது எழுவரும் ஒரு வில்போல வளைந்து நிற்பர். இரு கோடிகளிலும் நிற்போர் கார்னர்கள். நடுவை ஒட்டி இருபுறமும் நிற்போர் கவர்கள். நட்ட நடுவில் ஒருவர். கார்னருக்கும் கவருக்கும் இடையே ‘இன்’ எனப்படும் இரண்டு இடங்கள். பெரும்பாலும் ரைடர்கள் நிற்பது அங்கேதான். எண்ணிப் பாருங்கள். இடப்பக்கக் கார்னரும் கவரும் ஒரு சோடி, வலப்பக்கக் கார்னரும் கவரும் ஒரு சோடி, ரைடர்கள் இருவர் ஒரு சோடி, நடுவில் ஒருவர். பெரியப்பாவின் கணக்கு ஆடுகளத்தின் அமைப்பிலேயே இருக்கிறது!

நம் பாடமும் இங்கே கைகொடுக்கும். பன்னிருவரிலிருந்து எழுவரைத் தேர்ந்தெடுக்க 792 வழிகள் உண்டு. யார் எந்த இடத்தில் நிற்பது என்பதையும் சேர்த்தால் 39,91,680 வழிகள். எந்தத் தலைவராலும் இத்தனையையும் எண்ணிப் பார்க்க முடியாது. ஆகவேதான் நாம் பெயரைப் பார்த்து, புகழைப் பார்த்து, உறவைப் பார்த்து எழுதிவிடுகிறோம். பெரியப்பாவின் முறையில் பாருங்கள். இடப்பக்கத்துக்கு இரண்டு சோடி, வலப்பக்கத்துக்கு இரண்டு சோடி, ரைடர்களில் இரண்டு சோடி எனப் பன்னிருவரும் பிரிந்திருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு சோடியை எடுக்க 2 × 2 × 2 = 8 வழிகள். ஏழாமவரை எஞ்சிய அறுவரில் ஒருவராக எடுத்தால் 8 × 6 = 48 வழிகள். 792 எங்கே, 48 எங்கே! நாற்பத்தெட்டை ஒரு மாலை நேரத்தில் எண்ணிவிடலாம்.

சோடியாகப் பார்ப்பது எண்ணுவதற்கு எளிது என்பது மட்டும் போதாது; அதனால் அணி வலுப்பெற வேண்டும் அல்லவா? கார்னரின் முதன்மையான வேலை கணுக்கால் பிடி அல்லது தொடைப் பிடி. ரைடர் தன்னைக் கடந்து கோட்டின் பக்கம் திரும்பும் கணத்தில் அவர் பாய்வார். பாய்ந்து பிடித்ததும் ரைடர் நடுக்கோட்டை நோக்கித் துள்ளுவார். அந்த வழியை அடைப்பது கவரின் வேலை. கார்னர் ஒருவர் தனியே பாய்ந்தால் பத்து முறையில் மூன்று முறை பிடி நிற்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கவருக்கும் அப்படியே. இருவரும் ஒரே கணத்தில் பாய்ந்தால் இருவர் பிடியும் நழுவும் வாய்ப்பு 0.7 × 0.7 = 0.49. ஆக, பிடி நிற்கும் வாய்ப்பு 0.51. மூன்றாக இருந்தது ஐந்துக்கு மேல் போய்விட்டது. இருவர் பிடியும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்ட கணக்கு இது. ஒருவர் காலையும் மற்றவர் இடுப்பையும் பற்றினால் வாய்ப்பு இன்னும் கூடுமேயன்றிக் குறையாது.

ஆனால் கவர் அரை நொடி பிந்தினால்? கார்னரின் பிடி அதற்குள் நழுவியிருக்கும். பிந்தி வந்தவர் மீது ரைடரின் கை பட்டுவிடும். ஒருவர் வெளியேற வேண்டிய இடத்தில் இருவர் வெளியேறுவர். அதாவது, பழகாத இருவர் சேர்ந்து பிடிப்பது தனியே பிடிப்பதைவிடக் கெடுதல். கூட்டல் கணக்குக் கழித்தலாக மாறும் இடம் இது. அந்த அரை நொடியைப் பழக்கம் ஒன்றுதான் சரிசெய்யும். மாதக்கணக்கில் ஒரே இருவர் பக்கத்துப் பக்கத்தில் நின்று பழக வேண்டும்.

சென்ற ஆண்டு என் தாளில் இருந்த பிழை இப்போது விளங்கியிருக்கும். ரைடர்கள் நிற்க இரண்டு இடங்கள்தாம் இயல்பாக உண்டு. மூன்றாமவரை நடுவில் நிறுத்தலாம். நான்காமவர்? அவர் கவரில்தான் நிற்க வேண்டும். நான் வலது கவரில் நின்றேன். என் பக்கத்துக் கார்னர் நல்ல பிடிகாரர். அவர் பாய்ந்தபோதெல்லாம் நான் அரை நொடி பிந்தினேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. 40 நிமிடம் என்பது 2,400 நொடி. ஒவ்வொரு ரைடும் முழு 30 நொடி எடுத்தாலும் மொத்தம் 80 ரைடுகள். நமக்கு 40, எதிரிக்கு 40. ஆட்டத்தில் சரிபாதி நாம் தற்காத்துக்கொண்டு நிற்கிறோம் என்பதை ரைடர்களுக்குக் கைதட்டும் கூட்டம் மறந்துவிடுகிறது. தாள் எழுதுபவன் மறக்கக் கூடாது.

ரைடர்கள் சோடியாவது எப்படி? ஒரே ஒரு சிறந்த ரைடரை நம்பிய அணியை எண்ணிப் பாருங்கள். அவர் பிடிபட்டு வெளியேறும்போது ஏற்கெனவே அவ்வணியில் இருவர் வெளியில் இருக்கிறார்கள் என்று கொள்வோம். வரிசைப்படி அவ்விருவரும் வந்த பிறகே அவர் வர முடியும். ஆக, அவர் இல்லாமலேயே அணி மூன்று புள்ளிகள் எடுத்தாக வேண்டும். எடுப்பது யார்? இரண்டாம் ரைடர், அல்லது பிடி ஆட்டக்காரர்கள். போனஸ் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தாலும் அதற்காக யாரும் உள்ளே வர முடியாது. அதனால்தான் இரண்டாம் ரைடரின் வேலை முதல்வரைப் போல ஆடுவது அன்று. முதல்வரை உள்ளே கொண்டுவருவது. இருவரும் ஒரே பக்கத்தில் வலிமை உடையோராக இருந்தாலும் பயனில்லை. எதிரணியின் ஒரு கார்னருக்கே வேலை இருக்கும். மற்றவர் ஓய்வாக நிற்பார். ஒருவர் வலப்பக்கம், மற்றவர் இடப்பக்கம் எனில் எதிரணியின் வில் முழுவதும் வளைந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஏழாமவரைப் பற்றிப் பெரியப்பாவிடம் பிறகு கேட்டேன். “அவன் பேரு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவன் இல்லாட்டி எல்லாருக்கும் தெரியும்” என்றார். எந்தச் சோடியில் ஒருவர் வெளியேறினாலும் அந்த இடத்தை நிரப்பக்கூடியவர், தேவைப்பட்டால் மூன்றாவது ரைடராகவும் போகக்கூடியவர் என்று நான் பொருள் கொள்கிறேன்.

இனி, நாடறிந்த ஆட்டங்களில் இக்கருத்து எவ்வளவு தூரம் நிற்கிறது என்று காண்போம்.

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கபடி 1990ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் சேர்க்கப்பட்டது. அதிலிருந்து 2014 வரை ஏழு முறையும் ஆடவர் தங்கம் இந்தியாவுக்கே. 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் 18–27 என்று தோற்றோம். அதற்கு முன் பிரிவு ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் ஒரு புள்ளியில் தோற்றிருந்தோம். அந்த அணியில் அஜய் தாக்கூர், பர்தீப் நர்வால், ராகுல் சௌத்ரி, ரிஷாங்க் தேவாடிகா, மோனு கோயத், ரோஹித் குமார் என்று புகழ்பெற்ற ரைடர்களே ஆறு பேர்; பன்னிருவரில் பாதி. ஈரானுக்கோ ஒரு கோடியில் ஃபாஸல் அத்ராச்சலி, மறு கோடியில் அபோஸர் மிகானி. நான் எழுதிய தாளை நாட்டுக்கே எழுதியதுபோல் இருந்தது! இச்சொல்லுக்காகப் பெரியோர் என்னைப் பொறுத்தருள்க. (2023இல் ஹாங்சோவில் ஈரானை 33–29 என்று வென்று தங்கத்தை மீட்டுவிட்டோம்.)

நம் மாநிலத்துக்கு வருவோம். புரோ கபடி 2014இல் தொடங்கியது. தமிழ் தலைவாஸ் அணி 2017இல் சேர்ந்தது. 2019ஆம் ஆண்டு அவ்வணியின் தாளைப் பார்த்தால் வயிறு நிறையும். அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லார், மோஹித் சில்லார்! நாங்கள் தேநீர்க் கடையில் கோப்பையையே பங்கு போட்டுவிட்டோம். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம் கிடைத்தது.

மூன்று ஆண்டுக்குப் பின், 2022இல், நடந்ததுதான் நான் இக்கட்டுரைக்குச் சான்றாக நம்புவது. அவ்வாண்டு ஏலத்தில் தலைவாஸ் அணியினர் பவன் செராவத் என்ற ரைடரை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தனர். அதுவரை புரோ கபடியில் யாருக்கும் கொடுக்கப்படாத விலை. வீரர்களுக்காக ஓரணி செலவிடலாம் என்று வைக்கப்பட்ட வரம்பே 4.4 கோடிதான். பாதிக்கு மேல் ஒருவருக்கே போயிற்று. அக்டோபர் 8ஆம் நாள் குஜராத் அணியோடு முதல் ஆட்டம். அதிலேயே பவனுக்கு முழங்காலில் காயம். அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. ஆட்டம் 31–31 என்று சமனில் முடிந்தது. பாதிப் பணத்தை முதல் நாளே இழந்த அணி என்ன ஆகும்? எல்லோரும் கைகழுவி விட்டோம்.

அந்த அணிதான் தலைவாஸ் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குப் போயிற்று. எப்படி? ஒரு கோடியில் சாகர், மறு கோடியில் சாஹில் குலியா, கவரில் தமிழ்நாட்டு அபிஷேக். இவர்கள் யாரும் அன்று வாங்கி வந்தவர் அல்லர். முந்தைய பருவத்திலேயே இதே அணியில் சேர்ந்து ஆடிப் பழகிய இளைஞர். முந்தைய பருவத்தில் அணி பதினோராவது இடத்தில் முடிந்ததால் அந்தப் பழக்கத்தை யாரும் மதிப்பிடவில்லை. பவன் விட்ட இடத்தை நரேந்தர் என்ற புதிய பையன் எடுத்துக்கொண்டு, முதல் பருவத்திலேயே 243 ரைடு புள்ளிகள் குவித்தார். அவருக்குத் துணையாக அஜிங்க்யா பவார். அவர் வெளியே உட்கார்ந்தபோதெல்லாம் உள்ளே கொண்டுவரப் பின்னால் ஒரு பிடி ஆட்டம் இருந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வெளியேற்றும் ஆட்டத்தில் உ.பி. யோதாஸ் அணியோடு 36–36 என்று சமன் செய்து, சமன்முறிப்பில் வென்றார்கள். அரையிறுதியில் புனே அணியிடம் 37–39. இரண்டே புள்ளி! அன்றிரவு எங்கள் ஊரில் யாரும் சரியாக உண்ணவில்லை.

மறு ஏலத்தில் பவனைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. வரம்பு அப்போது 5 கோடி. மீண்டும் பாதிக்கு மேல். 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, கடைசி இடம். பவன் குறைந்த ஆட்டக்காரர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஹாங்சோவில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைவரே அவர்தான். எத்துணைச் சிறந்தவராயினும், தான் வெளியே உட்கார்ந்திருக்கும்போது தன்னைத் தானே உள்ளே அழைத்துக்கொள்ள ஒருவராலும் முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எனக்கு எதிரான சான்றுகளை மறைப்பது கணித மாணவனுக்கு அழகன்று. அதே பருவத்தில் புனே அணி ஈரானைச் சேர்ந்த முகமதுரெஸா ஷாட்லூயியை 2.35 கோடி கொடுத்து எடுத்தது. 2024 மார்ச் 1ஆம் நாள் ஹரியானாவை 28–25 என்று வென்று கோப்பையையும் எடுத்தது. விலை உயர்ந்த காய் தோற்கும் என்ற விதி இங்கே உடைகிறது. ஆனால் அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், பங்கஜ் மோஹிதே, நம் மாநிலத்து அபினேஷ் நடராஜன் என அங்கே ஏற்கெனவே சேர்ந்து பழகிய ஒரு கூட்டம் இருந்தது. சோடிகள் ஆயத்தமாக இருந்த வீட்டுக்கு வந்த ஒருவர் அவர். விலையன்று, வரும் இடமே கேள்வி எனலாம்.

இன்னொன்று இதைவிட இடிக்கிறது. 2019இல் கடைசி இடம் பெற்ற தலைவாஸ் அணியின் மஞ்சீத்தும் மோஹித்தும் நிஜாம்பூர் என்ற ஒரே ஊர்க்காரர். சோடி என்றால் அதைவிடச் சோடி உண்டா? இதைப் பெரியப்பாவிடம் கேட்டேன். “ஒரு சோடி ஒரு பக்கத்தைத்தானே காக்கும் கண்ணு” என்றார். இவ்விடை எனக்கு முழு நிறைவு தரவில்லை. இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வயது வேறுபட்டோரும் நன்கு பொருந்துவர் என்பதற்குத் தஞ்சைப் பகுதியின் தர்மராஜ் சேரலாதன் சான்று. 2016இல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது தலைவர் அவரே. நாற்பதைக் கடந்த அவர் பிடி ஆட்டத்தைத் தாங்க, பர்தீப் நர்வால் என்ற இளைஞர் ரைடு போனார். எங்கள் ஊரில் முப்பது ஆனதும் ஆட்டக்காரரை நடுவராக்கி விடுகிறோம். இது தவறு என்பது என் கருத்து.

பேருந்துத் தோழனின் விளையாட்டில் இன்னொரு விதியும் உண்டு. செலவழிக்காமல் பத்துக் காசு கையில் வைத்திருந்தால் அடுத்த சுற்றில் ஒரு காசு வட்டி கிடைக்கும். எப்போது சேர்ப்பது, எப்போது செலவழிப்பது என்பதில்தான் அவன் தலையைப் பிய்த்துக்கொள்வான். எங்கள் ஊர் அணிக்கு ஏலமும் இல்லை, கோடியும் இல்லை. எங்கள் கையிருப்பு நேரம் ஒன்றே. ஒருவன் பகல் தறி, ஒருவன் இரவுத் தறி, ஒருவன் கோழிப்பண்ணை, நான் கல்லூரி. பழகுவதற்கு வாரத்தில் இரண்டு மாலைகளில் மட்டும் எழுவரும் ஒன்றாகக் கிடைப்போம். அந்த இரண்டு மாலையை ஏழு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றுமில்லை. மூன்று சோடிக்குப் பங்கிட்டால் கொஞ்சம் மிஞ்சும். ஒரே நேரத்தில் வேலை முடிகிற இருவரைச் சோடியாக்கிவிட்டால், மற்றவர் இல்லாத நாளிலும் அவர்கள் இருவரும் கோயில் பொட்டலில் பழகலாம். திறமையோடு வேலை நேரத்தையும் பார்த்துத்தான் இவ்வாண்டு சோடி சேர்த்தேன். எந்தப் பயிற்சியாளரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் எங்களுக்கு வேறு வழியில்லை.

இவ்வாண்டும் தாள் என்னிடமே வந்தது. சென்ற ஆண்டிலிருந்து ஆடிய ஆறு ஆட்டங்களுக்கும் நான் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன். நான் 31 முறை ரைடு போயிருக்கிறேன்; எடுத்தது 9 புள்ளி, பிடிபட்டது 11 முறை. கவரில் நின்று நான் துணைபோன பிடிகளில் நழுவியவையே மிகுதி. இரண்டு சோடி ரைடர்களில் நான் எதிலும் பொருந்தவில்லை. ஏழாமவனாக வைக்கலாமா என்று இரண்டு நாள் பார்த்தேன். ஏழாமவன் எல்லா இடத்தையும் நிரப்பத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். எனக்கோ ஓர் இடமும் ஒழுங்காகத் தெரியவில்லை. என் பெயரை அடித்தேன். வலது கவருக்கு, அந்தக் கார்னரோடு ஒரே தறிக்குடோனில் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் ஒருவனை எழுதினேன். அவன் இதுவரை ஊர் அணியில் ஆடியதே இல்லை.

தாயாருக்கு இது பிடிக்கவில்லை. “காலேசுக்குப் போனதும் ஊரு ஆட்டம் வேண்டாம்னு ஆயிப்போச்சா?” என்றார். நோட்டைக் காட்டி விளக்கப் பார்த்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. கோடுகளை மட்டும் விரல் வைத்து எண்ணினார். பதினொன்று வந்ததும் நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

வலப்பக்கச் சோடி இப்போது நன்றாக வந்திருக்கிறது. ரைடர் சோடியில் குறையில்லை. இடப்பக்கச் சோடியைத்தான் சொல்ல வேண்டும். இருவரும் மாமன் மச்சான் முறை. பள்ளி நாளிலிருந்து ஒன்றாகப் பிடித்தவர்கள். ஒருவன் பாய்ந்தால் மற்றவன் பாய்வதற்குக் கண் காட்ட வேண்டியதில்லை. அவர்களில் கார்னர் கார்த்திகை மாதம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் உதவியாளாக ஏறிவிட்டான். வீட்டுக் கடன். ரிக் வண்டிக்கும் ஆள் அமைப்பு உண்டு. டிரில்லர், ஓட்டுநர், உதவியாட்கள், சமையற்காரர் என்று ஒருவர் குறைந்தாலும் வண்டி நின்றுவிடும். ஆகவே விடுப்புக் கிடைப்பது அரிது.

அவன் இடத்துக்கு நல்ல கார்னர் ஒருவன் இருக்கிறான். தனியாகப் பார்த்தால் இவனைவிட வலிமையானவன். ஆனால் கவரோடு இன்னும் பழகவில்லை. இரண்டு மாலைகள் நிறுத்திப் பார்த்தேன். அரை நொடி இடிக்கிறது. போட்டி தை இரண்டாம் நாள் இரவு. வண்டி மத்தியப் பிரதேசத்தில் நிற்கிறது. “போகிக்கு வந்தாலும் வருவேன்” என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னான். தாளில் ஆறு பெயர் மையில் எழுதியாயிற்று. இடது கார்னரை மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.